நட்சத்திர டிஃபென்டரை ஆஃபென்ஸிலும் இறக்கலாமா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், ஒரு அணியின் மிகச் சிறந்த டிஃபென்ஸ் (எதிரணியைத் தடுக்கும் பக்கம்) வீரர் ஆஃபென்ஸிலும் (பந்தோடு முன்னேறும் பக்கம்) ஆட வேண்டுமா? கொலராடோ அணியின் டிராவிஸ் ஹன்டர் இரண்டு பக்கமும் ஆடிக் காட்டிய பிறகும் மற்ற கோச்சுகள் ஏன் தயங்குகிறார்கள்?

பதில்:

இறக்கலாம், அளவோடு. அவர் கார்னர்பேக்காகவோ (எதிரணி ரிசீவரை, அதாவது எறியும் பந்தைப் பிடிக்க ஓடுபவரை, ஒட்டிக் காப்பவர்) சேஃப்டியாகவோ (அவருக்கும் பின்னால் கடைசிக் காவலாக நிற்பவர்) இருந்தால் ஆட்டத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு ஸ்னாப் (பந்து ஒருமுறை நகரத் தொடங்கி நிற்கும் வரையான ஒரு சுற்று) வரை ஆஃபென்ஸில் கொடுக்கலாம். லைன்பேக்கர் (டிஃபென்ஸின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) என்றால், ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடுபவர்) இடத்தில் ஆளே இல்லை என்ற நிலை வரும்போது மட்டும். டிஃபென்ஸிவ் லைனில் (முன்வரிசையில்) ஆடுபவர் என்றால், எதிரணியின் கோல் கோட்டுக்கு ஓரிரு யார்டு தூரத்தில் நிற்கும் அந்தச் சில ஸ்னாப்புகளுக்கு மட்டும். இரண்டு பக்கமும் முழுநேரம் ஆடவிடுவது ஹன்டர் போன்ற ஒருவருக்குப் பொருந்தும். அவரைப் பார்த்து மற்றவர்களுக்கு அளவெடுக்கக் கூடாது.

முதலில், இரண்டு பக்கமும் ஆடுவது ஏன் அதிசயமானது என்று பார்ப்போம். கபடியில் ரெய்டு போகிறவரே திரும்பி வந்து பிடிக்கவும் நிற்பார். அமெரிக்க ஃபுட்பாலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது, பதினொரு பேரே எல்லாம் ஆடினார்கள். 1941இல் ஆள் மாற்றும் விதி தளர்ந்தது. 1945இல் மிஷிகன் கோச் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர், பலம் மிகுந்த ஆர்மி அணிக்கு எதிராக ஆஃபென்ஸுக்கு ஒரு கூட்டம், டிஃபென்ஸுக்கு வேறு கூட்டம் என்று பிரித்து இறக்கினார். தோற்றாலும் அந்த முறை பிடித்துக்கொண்டது. 1953இல் விதியை மறுபடி இறுக்கினார்கள், 1960களின் நடுவில் முழுமையாகத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பயிற்சி, உடல்வாகு, கோச்சுகளின் எண்ணிக்கை எல்லாமே ஒரு வீரர் ஒரு பக்கம்தான் ஆடுவார் என்ற கணக்கில் அமைந்துவிட்டன. இன்று ஒருவரை இரண்டு பக்கமும் ஆடவைக்கும்போது அந்த அமைப்பு முழுவதோடும் மோத வேண்டியிருக்கிறது. உடல் களைப்பு அதில் ஒரு பங்குதான்.

ஹன்டரின் 2024 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். கொலராடோ அணிக்காக 96 கேட்ச், 1,258 யார்டு, ரிசீவராக 15 டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது). அதே சீசனில் கார்னர்பேக்காக 4 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது). இரண்டு பக்கமும் சேர்த்து 1,300க்கும் மேற்பட்ட ஸ்னாப். சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது, சிறந்த டிஃபென்ஸ் வீரருக்கான பெட்னாரிக் விருது, அதோடு அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை. இதற்கு இணையாக நவீன காலத்தில் எதுவும் இல்லை.

அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2023 செப்டம்பரில் கொலராடோ ஸ்டேட்டுக்கு எதிராக ரிசீவராக ஓடிக்கொண்டிருந்தபோது, பந்து கடந்த பிறகு வந்த ஓர் அடியில் அவருடைய கல்லீரல் கிழிந்தது. மூன்று ஆட்டங்கள் உட்கார்ந்தார். அந்த மூன்றிலும் கொலராடோ ஒரு ரிசீவரை மட்டும் இழக்கவில்லை, தன் முதல் கார்னரையும் சேர்த்தே இழந்தது. 2024 அக்டோபரில் கேன்சஸ் ஸ்டேட்டுக்கு எதிராகத் தோளில் அடிபட்டு பாதியில் வெளியேறினார், அந்த ஆட்டத்தை கொலராடோ 31-28 என்று தோற்றது. இரண்டு பக்கமும் ஒருவரையே நம்பியிருக்கும் அணியில் ஒரு காயம் இரண்டு ஓட்டை போடும்.

எனக்குச் சரியான முன்மாதிரியாகத் தோன்றுவது 1997இல் மிஷிகனின் கார்னர்பேக் சார்ல்ஸ் வுட்சன்தான். டிஃபென்ஸை முதன்மையாக ஆடி ஹைஸ்மன் வாங்கியவர் அவர் ஒருவரே. அந்த வருடம் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆஃபென்ஸை நடத்துபவர்) பெய்ட்டன் மேனிங் இரண்டாமிடத்தில் நின்றார். ஆனால் வழக்கமான சீசன் முழுவதிலும் ஆஃபென்ஸில் வுட்சன் பிடித்தவை வெறும் 11 பந்துகள், 231 யார்டு. சராசரி ஆட்டத்துக்கு ஒன்று. கோச் லாயிட் கார் அவரை எப்போது அனுப்புவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து அனுப்பினார். ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரான நவம்பர் ஆட்டத்தில் 37 யார்டு கேட்ச் ஒன்று, பன்ட் பந்தை (எதிரணி காலால் உதைத்துத் தள்ளிய பந்தை) 78 யார்டு திருப்பி ஓடிய டச்டவுன் ஒன்று, எண்ட் ஸோனில் (கோல் கோட்டுக்கு அப்பாலுள்ள பகுதியில்) ஓர் இன்டர்செப்ஷன். மிஷிகன் 20-14 என்று வென்றது. டிஃபென்ஸில் அவர் ஒரு துளிகூடக் குறையவில்லை. அதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இவ்விருவருக்கும் நடுவில் 1998இல் ஜார்ஜியாவின் கார்னர்பேக் சாம்ப் பெய்லி. 47 கேட்ச், 744 யார்டு, 5 டச்டவுன், டிஃபென்ஸில் 3 இன்டர்செப்ஷன். சிறந்த டிஃபென்ஸ் வீரருக்கான நகுர்ஸ்கி விருது வாங்கி, அடுத்த வருடம் என்எஃப்எல் டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் வரிசையாகக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) ஏழாவதாகப் போனார். முழுநேர இரட்டை ஆட்டம் முடியாதது என்று சொல்ல முடியாது. ஆனால் பெயர்களை எண்ணிப் பாருங்கள்: இருபத்தாறு வருட இடைவெளியில் பெய்லி, ஹன்டர் என்ற இருவருக்கு இடையே நிற்பவர்கள் பெரும்பாலும் சிறு அளவில் ஆடியவர்கள்.

இனி உடல். ஒரு ஸ்னாப் ஐந்தாறு விநாடி நீடிக்கும். அந்த முழுவேக ஓட்டத்துக்கான எரிபொருள் தசையில் இருக்கும் ஃபாஸ்போகிரியேட்டின். அது முப்பது விநாடியில் ஏறக்குறையப் பாதிதான் திரும்பும், முழுமையாகத் திரும்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். ஸ்னாப்புகளுக்கு நடுவே கிடைப்பது 40 விநாடிக் கடிகாரம். அதனால் பத்துப் பன்னிரண்டு ஸ்னாப் தொடர்ந்து டிஃபென்ஸ் நின்ற கார்னர், வெளியே வந்து பெஞ்சில் உட்காரும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் மீண்டும் முழு வேகத்துக்கு வருகிறார். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் ஆஃபென்ஸ் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

இதிலிருந்து நேரடியாக ஒரு விதி கிடைக்கிறது. பந்து கைமாறியவுடன் அவரை அப்படியே ஆஃபென்ஸிலும் நிறுத்தி வைக்காதீர்கள். டிஃபென்ஸ் எட்டு ஸ்னாப்புக்கு மேல் நின்றிருந்தால் அடுத்த ஆஃபென்ஸ் வரிசையின் (பந்து நம் கையில் இருக்கும் ஒரு தொடரின்) முதல் மூன்று ஸ்னாப்புகளில் அவர் இருக்கக் கூடாது. அவரே பந்தைப் பறித்து நாற்பது யார்டு ஓடி வந்திருந்தால் இன்னும் கண்டிப்பாக உட்காரட்டும். ரசிகர்கள் அந்த நேரத்தில்தான் அவரை மறுபடி பார்க்க ஆசைப்படுவார்கள், கோச்சுக்கும் அதே ஆசை வரும். அவரை அனுப்ப ஏற்ற நேரம், டிவி விளம்பர இடைவேளை முடிந்து தொடங்கும் முதல் இரண்டு ஸ்னாப்புகள், அல்லது டிஃபென்ஸ் மூன்றே ஸ்னாப்பில் எதிரணியைப் பன்ட் செய்யவைத்த பிறகு வரும் வரிசை.

களைப்பு முதலில் காலில் தெரியாது, இடுப்பில் தெரியும். நான்காவது குவார்ட்டரில் (ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில்) கார்னரின் இடுப்பு உயர்ந்து நிற்கத் தொடங்கும், பின்வாங்கும் அடிகள் நீளும், ரிசீவரைப் பார்க்க வேண்டிய கண் குவார்ட்டர்பேக் பக்கம் போகும். முதலில் நின்று பிறகு ஓடும் டபுள் மூவ் ஒன்றைப் போட்டால் அவர் ஏமாந்துவிடுவார். எதிரணியின் கோச்சு இதற்காகவே காத்திருப்பார். முதல் பாதி முழுக்க ரிசீவர்களை அவர் பக்கம் ஓடவிட்டு, பந்து எறியாமலேயே அவரைத் துரத்தவைப்பார்கள்.

கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். உங்கள் மூன்றாவது ரிசீவருக்கு எறியும் ஒரு பந்து சராசரியாக 8 யார்டு தருகிறது, நட்சத்திரத்துக்கு எறிந்தால் 12 என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு நான்கு பந்து என்றால் உங்கள் லாபம் 16 யார்டு. களைத்த கார்னர் ஒரே ஒருமுறை ஏமாந்தால் போவது 60 யார்டும் ஏழு புள்ளியும். ஆகவே அவரால் ஆஃபென்ஸில் ஆட முடியுமா என்று கேட்பதை விட்டு, அவர் இல்லாவிட்டால் அந்த இடத்தில் யார் நிற்பார், இருவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேளுங்கள். நல்ல ரிசீவர்கள் மூவர் உள்ள அணிக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

உடலைவிடக் கடினமான இடம் ஒன்று இருக்கிறது, வெளியில் இருந்து அது தெரியாது. அதுதான் நேரம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி சீசனில் ஒரு வீரருக்கு வாரத்தில் 20 மணி நேரம்தான், ஒரு நாளைக்கு 4 மணிக்கு மேல் கூடாது, ஒரு நாள் கட்டாய ஓய்வு. போட்டி நாளே 3 மணி நேரமாகக் கணக்காகும். மிச்சம் 17 மணி. அதற்குள் மைதானப் பயிற்சி, வெயிட் ரூம், வீடியோ, கூட்டம் எல்லாம் அடங்க வேண்டும். ஆஃபென்ஸ் கூட்டமும் டிஃபென்ஸ் கூட்டமும் ஒரே நேரத்தில் வேறு வேறு அறையில் நடக்கும். ரிசீவர் அறையில் உட்காரும் ஒவ்வொரு அரை மணியும் அவர் எதிரணி ரிசீவர்களைப் படிக்க வேண்டிய அரை மணி. மீதியை அவரே இரவில் சொந்தமாகப் பார்க்கலாம், அதற்கு விதி தடையில்லை. ஆனால் அந்த நேரம் தூக்கத்திலிருந்தும் பாடத்திலிருந்தும்தான் வரும்.

நடைமுறையில் இப்படிப் பிரித்தால் தாங்கும். சனிக்கிழமை ஆட்டம் என்றால், செவ்வாய் முழுக்க டிஃபென்ஸ். புதன் பயிற்சியின் கடைசி இருபது நிமிடம் ஆஃபென்ஸ், அதுவும் குவார்ட்டர்பேக்குடன் அந்த வாரத்துக்கான திட்டங்கள் மட்டும். வியாழன் ரெட் ஸோன் (கோல் கோட்டுக்கு முன்னுள்ள கடைசி 20 யார்டு) பயிற்சியில் ஐந்தாறு ஸ்னாப். வெள்ளி நடந்து பார்க்கும் ஒத்திகையில் எல்லாவற்றையும் ஒருமுறை. அவர் ஆஃபென்ஸில் ஓடும் ஒவ்வொரு முழுவேக ஓட்டத்துக்கும் ஈடாக வேறெங்கோ ஒன்றைக் குறைக்க வேண்டும். முதலில் வெட்ட வேண்டியது கிக்ஆஃப் கவரேஜ். நாற்பது யார்டு முழுவேகத்தில் ஓடி மோதுகிற அந்த வேலையில் நட்சத்திரம் இருக்கவே கூடாது. ஜிபிஎஸ் பட்டை அணிந்து ஓடும் அணிகளில் வாரத்தின் அதிவேக ஓட்டத் தூரம் கையில் கிடைக்கும். அது திடீரென்று ஏறுகிற வாரத்தில்தான் தொடையின் பின்தசை இழுத்துக்கொள்ளும், ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏற்படும்.

என்ன ரூட்டுகளை (ரிசீவர் ஓடும் பாதைகளை) கொடுப்பது? நேரக்கணக்கு தேவைப்படாத ஓட்டங்களை. 12 யார்டு போய் வெளியே வெட்டும் அவுட் ரூட்டில் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டிருக்கும். அது நூற்றுக்கணக்கான தடவை சேர்ந்து ஓடிய இருவருக்கே கைவரும். பயிற்சி குறைந்தவர் அரை யார்டு தள்ளித் திரும்பினால் அது இன்டர்செப்ஷன். நேராக ஓடும் கோ ரூட், சாய்வாக உள்ளே வெட்டும் ஸ்லான்ட், கோட்டருகே கொடுத்து ஓடவிடும் ஸ்கிரீன், குறுக்கே ஓடி வந்து வாங்கும் ஜெட் ஸ்வீப், எண்ட் ஸோன் மூலைக்கு எறியும் ஃபேட் ஆகிய ஐந்து போதும். கார்னருக்கு இவை எளிதில் பிடிபடும். எதிரில் நிற்பவன் எந்தப் பக்கம் கை போடுவான், எங்கே உதவிக்கு ஆள் இருக்கிறது என்பதை தினமும் மறுபக்கத்திலிருந்து பார்ப்பவர் அவர்.

இங்கே பலரும் செய்யும் தவறு, அவர் உள்ளே வரும்போதெல்லாம் அவருக்கே பந்தைக் கொடுப்பது. ஆஃபென்ஸ் ஆளை மாற்றினால் டிஃபென்ஸுக்கும் மாற்ற நடுவர் நேரம் தருவார், ஆகவே அவர் வருவதை எதிரணி முழுவதும் பார்த்துவிடும். இரண்டு வாரம் வீடியோ பார்த்தால் “இவர் வந்தால் பந்து இவருக்கு” என்று எழுதிவைத்துவிடுவார்கள். பத்து ஸ்னாப்பில் மூன்று நான்கில்தான் பந்து அவருக்கு வர வேண்டும். மற்றவற்றில் அவரைப் பார்த்து ஒரு சேஃப்டி நகர்வான், அந்த இடைவெளியில் வேறொருவர் பிடிக்கட்டும். வுட்சன் போன்றவர்கள் பந்து தொடாமலேயே தந்த லாபத்தில் பெரும்பங்கு இதுதான்.

பந்தைச் சுமக்கப் பழக்கவும் வேண்டும். டிஃபென்ஸ் வீரர் வருடம் முழுக்கப் பந்தைக் கையில் வைத்து அடி வாங்குவதில்லை. முழங்கை விலாவோடு ஒட்டி, பந்தின் நுனி விரல்களுக்கு நடுவே இருக்கும்படி பிடிக்க வாரம் ஐந்து நிமிடமாவது பழகாவிட்டால் முதல் நல்ல அடியிலேயே ஃபம்பிள், பந்து கைநழுவும்.

கோச்சுகள் மறந்து கையைச் சுட்டுக்கொள்ளும் விதிகள் சில உண்டு. கல்லூரியில் ஒரே எண்ணை இருவர் அணியலாம், ஆனால் ஒரே ஸ்னாப்பில் இருவரும் மைதானத்தில் இருக்க முடியாது. உங்கள் கார்னரும் குவார்ட்டர்பேக்கும் 2 என்றால் திட்டம் முதல் நாளே உடைந்தது, சீசனுக்கு முன்பே எண்ணை மாற்றிவிடுங்கள். 50 முதல் 79 வரை எண் உள்ளவர் முன்நோக்கி எறியும் பாஸைப் பிடிக்க முடியாது. 55 அணிந்த லைன்பேக்கரை டைட் எண்டாக (எதிராளியை வழிமறிக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவராக) நினைத்துப் பயனில்லை. 2024 முதல் ஹெல்மெட்டுக்குள் கோச்சின் குரல் கேட்கும் வசதி வந்திருக்கிறது, பச்சைப் புள்ளி உள்ள அந்த ஹெல்மெட் ஒரு அணிக்கு மைதானத்தில் ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் இருக்கலாம். டிஃபென்ஸில் அது உங்கள் நட்சத்திர லைன்பேக்கரிடம் இருந்தால், ஆஃபென்ஸில் வரும்போது அவருக்கு வேறு ஹெல்மெட் தயாராக வேண்டும்.

லைன்பேக்கருக்கு வருவோம். 2013இல் யுசிஎல்ஏவில் ரன்னிங் பேக்குகள் காயத்தில் விழ, முதலாண்டு லைன்பேக்கர் மைல்ஸ் ஜாக்கை இறக்கினார்கள். அரிசோனாவுக்கு எதிராக 6 ஓட்டத்தில் 120 யார்டு, அடுத்த ஆட்டத்தில் வாஷிங்டனுக்கு எதிராக 4 டச்டவுன். 2014இல் வாஷிங்டனின் ஷாக் தாம்ப்சனும் இதேபோல் ஓடினார். ஆனாலும் இதைப் பழக்கமாக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். கார்னர் ரிசீவராகப் போனால் கூடுவது ஓட்டம். லைன்பேக்கர் ரன்னிங் பேக்காகப் போனால் கூடுவது மோதல். ஒவ்வொரு ஸ்னாப்பிலும் அடிக்கிறவர், இப்போது ஒவ்வொரு ஸ்னாப்பிலும் அடி வாங்கவும் வேண்டும். தோளும் முழங்காலும் அதை இரண்டு மூன்று வாரம் தாங்கும், நான்கு மாதம் தாங்காது. ஸ்டான்ஃபோர்டின் ஓவன் மரேசிக் 2010இல் ஃபுல்பேக், லைன்பேக்கர் இரண்டிலும் தொடக்க வீரராக ஆடினார். நோட்ரடாமுக்கு எதிராகச் சில விநாடி இடைவெளியில் இரண்டு பக்கமும் டச்டவுன் போட்டார். அவரை மதிக்கிறேன், ஆனால் ஃபுல்பேக்கின் வேலை பெரும்பாலும் பிளாக் செய்வது (எதிராளியை வழிமறிப்பது), அதுவும் குறைந்த ஸ்னாப்புகளில்.

டிஃபென்ஸிவ் லைனில் கதை எளிது. 2021இல் ஜார்ஜியாவின் ஜோர்டன் டேவிஸ், 340 பவுண்டு உடம்போடு ஒரு யார்டு ஓடி டச்டவுன் போட்டார். அந்த அளவு போதும். ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் எட்ஜ் ரஷர் பார்க்க டைட் எண்ட் போலவே இருப்பார், ஆனால் பிளாக் செய்யும் கால்வைப்பு வேறு, அதை இரண்டு மாதத்தில் கற்க முடியாது. கணுக்காலில் பின்னாலிருந்து யாராவது விழும் அபாயமும் அந்தக் கூட்டத்துக்குள்தான் அதிகம்.

ஆட்ட நாளில் தண்ணீரும் உணவும் கூடக் கணக்குதான். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் உப்புச் சேர்ந்த பானம் திரும்பப் போக வேண்டும். ஆட்டத்தின்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. செப்டம்பர் மதிய வெயிலில் தெற்கு மாநிலங்களில் ஆடும்போது அவருக்கான ஆஃபென்ஸ் ஸ்னாப்பைப் பாதியாக்குங்கள். கெண்டைக்கால் ஒருமுறை பிடித்துக்கொண்டால் அன்று ஆஃபென்ஸ் முடிந்தது.

வீரரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. பதினெட்டு வயதில் பள்ளி அணியில் எல்லாமும் ஆடியவர் அவர். இரண்டு பக்கமும் ஆடலாம் என்ற வாக்குறுதிக்காகவே கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. 2021 முதல் பெயரையும் முகத்தையும் வைத்து வீரர் பணம் சம்பாதிக்கலாம், டச்டவுன் போடுபவரின் முகம் அதிகம் விலைபோகும். மறுபுறம் டிராஃப்ட் அவரை ஓர் இடத்துக்காகத்தான் எடை போடும். 1998இல் வுட்சன் நான்காவதாகவும் 2025இல் ஹன்டர் இரண்டாவதாகவும் போனது உண்மை, ஆனால் இருவரையும் அவ்வளவு மேலே தூக்கியது கார்னராக அவர்கள் காட்டிய தரமும்தான். டிராஃப்ட் மதிப்பு சரிந்தால் ஈடுகட்டும் காப்பீடு இருக்கிறது. இரட்டை ஆட்டம் ஆடச் சொல்லும் கல்லூரி, அதை எடுக்க வீரருக்கு உதவ வேண்டும். இதைக் கேட்டு வாங்க குடும்பங்கள் தயங்கக் கூடாது.

இன்னொன்று, சீசன் நீண்டுவிட்டது. 2024இல் பிளேஆஃப் 12 அணியாக விரிந்தது, அந்த வருடம் கோப்பை வென்ற ஒஹாயோ ஸ்டேட் 16 ஆட்டம் ஆடியது. வுட்சனின் மிஷிகன் 12 ஆட்டத்தோடு முடித்தது. டிசம்பர், ஜனவரியில் உங்கள் முதல் கார்னர் முழு வேகத்தில் வேண்டுமென்றால் செப்டம்பரின் எளிய ஆட்டங்களில் அவரை ஆஃபென்ஸில் காட்டி மகிழக் கூடாது. அங்கே ஐந்து ஸ்னாப் போதும்.

தொடங்க வேண்டிய இடம் வசந்தகாலப் பயிற்சி. அனுமதிக்கப்பட்ட 15 நாளில் நான்கை மட்டும் ஆஃபென்ஸுக்கு ஒதுக்கி, அந்த ஐந்து ரூட்டையும் பந்துப் பிடிப்பையும் கற்றுக்கொடுங்கள். முதலாண்டு வீரர் என்றால் அந்த நான்கும் வேண்டாம், முதலில் டிஃபென்ஸ் அழைப்புகள் மனப்பாடம் ஆகட்டும். ஆட்டத்தில் ஸ்னாப்பை எண்ண ஒரு துணை கோச்சை நியமியுங்கள். இரண்டு டச்டவுன் முன்னிலை வந்தால், இரண்டு பக்கமும் சேர்த்து எழுபதைத் தாண்டினால், அல்லது டிஃபென்ஸில் அவர் ஒரு டாக்கிளை (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவதை) நின்ற நிலையில் கையை மட்டும் நீட்டித் தவறவிட்டால், அன்றைக்கு ஆஃபென்ஸிலிருந்து அவரை எடுத்துவிடும் அதிகாரம் அந்தத் துணை கோச்சிடம் இருக்க வேண்டும். தலைமைக் கோச்சிடம் அதை விடாதீர்கள், நான்காவது குவார்ட்டரில் ஆறு புள்ளி பின்தங்கி நிற்கும்போது அவரால் அதைச் செய்ய முடியாது.